ஆறாவது ஓட்டை

அத்தியாயம் 5

"அவ உயிரோட இல்லன்னு எனக்குத் தெரியும். உடம்பாவது கிடைக்கட்டும். அது போதும்" என்றாள் அந்தப் பெண்.

அழவில்லை. அழுகையெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஒரு செல்போனையும் நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாளையும் மேஜை மேல் வைத்துவிட்டு, டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பதினோரு வருஷம் கணக்குப் பாடம் நடத்தி, பிள்ளைகள் எழுதும் தப்பு விடைகளைவிடப் பெரியவர்கள் சொல்லும் தப்பு விடைகள்தான் சுவாரஸ்யம் என்று முடிவு செய்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவர். சிவப்பு மைப் பேனா மட்டும் அந்தக் காலத்திலிருந்து கூடவே வந்துவிட்டது. நான் அவருடைய உதவியாளன். உயரம் ஆறடி இரண்டங்குலம், அகலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால் டீச்சர் வைத்த பெயர் ஒட்டடை. வேன் ஓட்டுவேன், படம் எடுப்பேன், சூழ்நிலை இறுகும்போது ஏதாவது கடி ஜோக் அடிப்பேன். கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

அன்று காலை அதற்கும் வாய் வரவில்லை. விஷயம் அப்படி.

அந்தப் பெண்ணின் அக்காவைக் காணவில்லை. மூன்று வாரம் ஆகிறது. இரண்டு பெண்களையும் செங்கல் சூளை வைத்து வளர்த்தவர் அவர்கள் அப்பா. அவர் போன பிறகு சூளையை விற்று, அக்கா தன் பங்கில் ஒரு பழைய செங்கல் வீடு வாங்கினாள். வீடு அக்கா பெயரில். அக்கா புருஷனுக்கு அதை விற்க ஆசை, அக்காவுக்கு இல்லை. ஒருநாள் திடீரென்று அக்கா இல்லை. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, எங்கேன்னு சொல்லல" என்று அவன் ஒரு கடிதத்தைக் காட்டினான். அக்கா கையெழுத்துதான். விற்கும் உரிமையை அவனுக்குக் கொடுக்கும் பத்திரத்திலும் அக்கா கையெழுத்துதான்.

தங்கை போலீஸுக்குப் போனாள். அந்த வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் புதிதாக ஒரு சதுரம் பூசியிருந்ததைக் காட்டி, அக்கா உள்ளே இருக்கிறாள் என்று கத்தினாள். பத்து நாளைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அந்தச் சதுரத்தை இடித்துப் பார்த்தார். உள்ளே துருப்பிடித்த ஒரு பழைய பைப் இருந்தது. அக்கா புருஷன் தெரு பார்க்க மண்ணில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். இன்ஸ்பெக்டர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கையிடம், இனி அந்தத் தெருப் பக்கமே வராதே என்றார்.

இன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு வீடு கை மாறுகிறது.

"வாங்கறவங்க நாளைக்கே வெளிப்பக்கம் முழுக்கப் பூசி டைல்ஸ் ஒட்டப் போறாங்களாம். அப்புறம் யாரு எதை இடிக்கிறது?" என்றாள் தங்கை.

டீச்சர் வீடு விற்கும் விளம்பரத் தாளைப் பிரித்தார். வீட்டின் முன்பக்கம் தெரிந்தது. செல்போனில் பின்பக்கம் தெரிந்தது. சுவரை இடித்த அன்று தங்கை எடுத்த படம் அது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, விடைத்தாள் திருத்துகிற பார்வை பார்த்தார்.

"ஒட்டடை, உன் வீட்டை விக்கறேன்னு வெச்சுக்கோ. ரொம்பச் செலவு பண்ண மனசில்ல. எந்தப் பக்கம் பூசுவே?"

"முன்பக்கம்தான். வாசல் சுவர், படி, கேட்டு. வர்றவன் கண்ணுல படறது அதானே? போட்டோவுக்கு நிக்கறவன் முதுகுக்கா பவுடர் போடுவான்?"

"இவர் முதுகுக்குத்தான் போட்டிருக்கார்."

குனிந்து பார்த்தேன். முன்பக்கத்துக்கு ஒரு கை சுண்ணாம்பு, அவ்வளவுதான். பிரஷ் போன தடம்கூடத் தெரிந்தது. படியின் உடைந்த முனை உடைந்தபடியே இருந்தது. ஜன்னல் ஓரத்து விரிசலை யாரும் தொடவில்லை. பின்பக்கமோ வேறு கதை. செங்கல்லுக்குச் செங்கல் இடுக்கைச் சுரண்டி எடுத்து, புதுக் கலவை வைத்து, நூல் பிடித்த மாதிரி இழைத்திருந்தது. அந்தச் சுவருக்கும் பின்னால் இருந்த மர மில்லின் மதிலுக்கும் நடுவே நாலடிச் சந்து. அங்கே போய் யார் அந்த அழகைப் பார்க்கப் போகிறார்கள்?

டீச்சர் சிவப்புப் பேனாவால் படத்தின் அடிப்பகுதியைச் சுட்டினார். தரையை ஒட்டி வரிசையாகச் செங்கல் அளவில் ஓட்டைகள்.

"எண்ணு."

"ஆறு. அஞ்சை அடைச்சிருக்கு. ஒண்ணு மட்டும் திறந்திருக்கு."

"அந்த ஒண்ணுக்குக் கீழே?"

திறந்திருந்த ஓட்டைக்குக் கீழே சுவரில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"வீட்டைப் பத்தித் தெரியணும்னா வீட்டுக்காரனைக் கேக்கக் கூடாது. சுவரைத் தொட்டவனைக் கேக்கணும்" என்று டீச்சர் எழுந்தார். "யாரு கொத்தனார்?"

தங்கைக்குத் தெரிந்திருந்தது. அந்த வட்டாரம் முழுக்க அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டையை அக்குளில் இடுக்காமல் அவர் கடைக்குக்கூடப் போவதில்லையாம்.

மணி பதினொன்று இருபது.

*

ரசமட்டம் ஒரு கிடங்குச் சுவரின் சாரத்தில் உட்கார்ந்து இடுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். நாங்கள் கிட்டே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தொடாதீங்க, ஈரம்."

சாரத்தடியில் ஒரு வாளி நிறைய டீ டிகாக்ஷன் இருந்தது. பக்கத்தில் டம்ளரும் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்காதவன் நான். ஒரு டம்ளர் மொண்டு வாய்வரை கொண்டுபோய்விட்டேன்.

"அது சுவருக்குங்க" என்றார் ரசமட்டம்.

"சுவர் டீ குடிக்குமா?"

"புதுக் கலவை பளிச்சுன்னு தெரியும். கடுமையா டீத்தண்ணி வெச்சு ரெண்டு தடவை அடிச்சா முப்பது வருஷத்துச் சுவரோட கலந்துடும். எது பழசு, எது புதுசுன்னு கட்டினவனே வந்தாலும் சொல்ல முடியாது."

"நான் குடிச்சிருந்தா?"

"நீங்களும் கொஞ்சம் பழசாத் தெரிஞ்சிருப்பீங்க."

எனக்குப் போட்டியாக ஒருத்தர். டம்ளரைக் கீழே வைத்தேன். டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்து அந்த வீட்டைப் பற்றிக் கேட்டார். ரசமட்டம் சாரத்திலிருந்து இறங்கினார். வேலையைப் பற்றிக் கேட்டால் இறங்கி வந்து பேசுகிற ரகம்.

"பின்பக்கம் மட்டும் நல்லா இழைச்சுக் குடுங்கன்னார். முன்னாடியும் பண்ணிடலாமேன்னேன். வேண்டாம், அதுக்குச் சுண்ணாம்பு போதும்னுட்டார். ஓட்டைங்களை அடைங்க, எலி வருதுன்னார்."

"எலி வந்துதா?"

"எலியே இல்லீங்க. அது எலி வர்ற ஓட்டையும் இல்ல. வீடு மூச்சு விடற ஓட்டை. தரைக்குக் கீழே வெத்திடமா விட்டுக் கட்டின வீடு அது. கீழே காத்து ஓடலைன்னா மேலே மரமெல்லாம் உளுத்துடும். சொல்லிப் பாத்தேன். விக்கற வரைக்கும் நின்னாப் போதும், சீக்கிரம் முடிங்கன்னார்."

"எப்படி அடைச்சீங்க?"

ரசமட்டம் கொஞ்சம் நெளிந்தார். "கெட்ட வேலைதான். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணிச்சு, மேலே ஒரு இஞ்ச் கலவை. அஞ்சு ஓட்டை. ஆறாவதைத் தொடப் போனேன். அது மட்டும் இருக்கட்டும்னு ஓடி வந்து கையைப் புடிச்சார்."

"ஓடி வந்தாரா?"

"ஆமா. அப்புறம் சிரிச்சார்."

டீச்சர் செல்போனை நீட்டி அந்த வெள்ளைப் படலத்தைக் காட்டினார். "இது என்ன?"

கொத்தனார் முகம் சட்டென்று இருண்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். மற்ற ஆட்கள் தூரத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உப்பு. அது என் கலவை இல்ல மேடம். சத்தியமா இல்ல. மூணு தடவை கூப்பிட்டுட்டார், வாங்கறவங்க பாத்தா விலையைக் குறைப்பாங்க, உடனே எடுங்கன்னு. காஞ்ச பிரஷ்ல தேய்ச்சேன். வினிகர் விட்டுத் துடைச்சேன். சுத்தமாப் போயிடுது. ரெண்டு நாள் கழிச்சு அதே இடத்துல மறுபடி பூத்து நிக்குது. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. ரசமட்டம் வேலையில உப்புப் பூத்துச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"மழை பெஞ்சு எவ்வளவு நாள் ஆச்சு?"

"நாலு மாசம்."

"அந்தப் பக்கம் குழாய், குளிக்கற அறை ஏதாவது?"

"எல்லாமே எதிர்ப்பக்கம்."

பக்கத்தில் நின்றிருந்த தங்கை கலவைச் சட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மழை இல்லாத காலத்துல சுவர் வெளியே வெள்ளையாப் பூத்தா, உள்பக்கம் தண்ணி இருக்குன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லுவார். சூளையில ஆபீஸ் ரூம் சுவர்ல நானும் அக்காவும் உள்ளே இருந்து சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்துவோம். ரெண்டு நாள் கழிச்சு வெளியே போய்ப் பூத்துச்சான்னு பாப்போம். அதுக்கு அடி வாங்கியிருக்கோம். அன்னிக்கு இடிக்கறப்ப நான் அந்தச் சுவரைப் பாத்தேன். படம் எடுத்தேன். ஒண்ணுமே தோணல எனக்கு."

உள்பக்கம் ஈரம். மூன்று வாரமாக. அது என்ன ஈரமாக இருக்கும் என்று என் மூளை தானாகவே ஒரு விடை எழுதிவிட்டது. அதை அந்தப் பெண் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், நான் எழுதிய விடைக்குப் பூஜ்யம் என்று தெரிந்தது.

"மறுபடி உங்களை எப்ப வரச் சொல்லியிருக்கார்?" என்று கொத்தனாரைக் கேட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அந்த ஆறாவது ஓட்டையையும் அடைச்சுடுங்கன்னார்."

நான்கு மணிக்கு வீடு கை மாறுகிறது. ஐந்து மணிக்கு ஓட்டை அடைபடுகிறது. டீச்சர் கையிலிருந்த பேனாவின் மூடி கீழே விழுந்தது. நான்கு வருஷமாக அவரோடு இருக்கிறேன். அவர் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

அப்போது ரசமட்டத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எங்களைப் பார்த்தார். "அவர்தான்."

டீச்சர் விரலால் ஜாடை காட்டினார். கொத்தனார் ஸ்பீக்கரைப் போட்டார். முதலில் மர மில்லின் இரைச்சல் வந்தது. அதற்கு மேலே ஒரு சந்தோஷமான குரல் வந்தது.

"கொத்தனாரே, சாயங்காலம் நீங்க வர வேண்டாம். வாங்கறவங்க வக்கீல் இப்பவே பேப்பரை எடுத்துட்டு வரச் சொல்லிட்டார். அவர் ஒவ்வொரு பத்திரமாக் கேட்ட கையெழுத்து வேலையெல்லாம் காலையிலயே முடிஞ்சுது. நீங்க வெச்சுட்டுப் போன கலவை மூட்டையிலயே அந்த ஓட்டையை நானே அடைச்சுட்டேன். உங்களை மாதிரியே பேப்பர் திணிச்சு, மேலே பூசிட்டேன்."

"எப்ப சார் அடைச்சீங்க?"

"இப்பதான். கைகூடக் கழுவல."

"பூச்சுக்குத் தண்ணி காட்டுங்க சார். இல்லன்னா வெடிச்சுடும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். நாளைக்கு அது என் வீடு இல்லையே" என்று சிரித்தான்.

போன் அணைந்தபோது டீச்சர் வேன் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

*

ரசமட்டம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டார். அவர் காலடியில் சுவருக்கு விடுகிற தண்ணீர்க் குடம் தளும்பியது. நான் வேனை விரட்டினேன்.

"டீச்சர், அந்த ஈரம்... உடம்பு அங்கதானா?" என்று முணுமுணுத்தேன்.

டீச்சர் திரும்பிப் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"செத்தவளுக்கு எதுக்கும்மா காத்து?"

தங்கை சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். டீச்சர் தொடர்ந்தார்.

"அஞ்சு ஓட்டையை அடைச்சது சத்தம் வெளியே வராம இருக்க. ஆறாவதை விட்டு வெச்சது அவ சாகாம இருக்க. தரைக்குக் கீழே ஒரு அறை இருக்கு. அதோட ஓட்டை அது ஒண்ணுதான். வாங்கறவரோட வக்கீல் ஒவ்வொரு பத்திரமாக் கேட்டுக்கிட்டே இருந்தார். ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து வேணும். அதனால கை உயிரோட இருக்கணும். இன்னிக்குக் காலையில கடைசிக் கையெழுத்தும் முடிஞ்சுது."

"அப்ப அந்தத் தண்ணி?" என்றாள் தங்கை. குரல் கீறிக்கொண்டு வந்தது.

"அவளுக்குக் குடிக்கக் குடுத்த தண்ணி. அதை மிச்சம் பிடிச்சு உள்ளே இருந்து சுவர்ல ஊத்தியிருக்கா. கத்தினா மர மில்லு முழுங்கிடும். துணியை வெளியே தள்ளினா அவன்தான் முதல்ல பாப்பான். சுவர் பூத்தா? அவனுக்கு அதுல வீட்டு விலைதான் தெரியும். பதறிப்போய்க் கொத்தனாரைக் கூப்பிடுவான். வெளியாள் ஒருத்தரை அந்தச் சந்துக்கு அவன் கையாலயே வரவழைச்சிருக்கா உங்க அக்கா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை."

பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. தங்கை என்று நினைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அழுதது ரசமட்டம்.

"மூணு தடவையும் துடைச்சுட்டு வந்துட்டேனேம்மா. என் வேலையில குறைன்னு நெனச்சு வெக்கப்பட்டுட்டேனே" என்றார்.

தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். துடைத்தவர் ஒருத்தர், பார்த்தும் பார்க்காமல் வந்தவள் ஒருத்தி. அதற்கு மேல் என்னால் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

"டீச்சர், அடைச்ச அறையில எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்க கணக்கு டீச்சர்தானே?"

"அறை எவ்வளவு பெரிசுன்னு தெரியாமக் கணக்குப் போட முடியாது. ஓட்டு" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

"இன்னொரு சுவரா?" என்று அவர் அலறியது எனக்கே கேட்டது.

*

இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்து சந்தில் நின்றிருந்தார். எங்களைத் தடுக்க வந்தாரா, எங்களோடு நிற்க வந்தாரா என்று அவருக்கே தெரியாத முகம். பக்கத்தில் அக்கா புருஷன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், பார்க்கிறவர் இரக்கப்படும்படி ஒரு பார்வை. கை கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மர மில்லின் ரம்பம் ஓலமிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவரோடு பேசவே கத்த வேண்டியிருந்தது.

"இடிங்க சார்! ஒரு தடவை இடிச்சாச்சு, இன்னொரு தடவையும் இடிங்க! என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போனது போதாதுன்னு, இவளும் என் வீட்டைச் செங்கல் செங்கல்லாப் பேர்க்கணுமா?"

"அத்தான், அக்கா எங்கே?" என்றாள் தங்கை.

"தெரியாதும்மா. தெரிஞ்சா நானே போய்க் கால்ல விழுந்து கூட்டிட்டு வர மாட்டேனா?"

கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல நடிகன். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது.

நான் சுவரைப் பார்த்தேன். ஆறு ஓட்டைகளும் மூடியிருந்தன. ஐந்து டீத்தண்ணீரில் பழசாகிக் கிடந்தன. ஆறாவது மட்டும் ஈரம் மின்னியது. கொத்துக்கரண்டி பிடிக்கத் தெரியாதவன் கை என்று எனக்கே தெரிந்தது. அதற்குக் கீழே வெள்ளை உப்பு பூத்திருந்தது.

டீச்சர் அவனிடம் போய் மரியாதையாகக் கையை நீட்டினார். "கடைசிப் பத்திரத்தைப் பாக்கலாமா?"

கொடுக்காமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். கொடுத்தான்.

"இந்தக் கையெழுத்தை எப்ப போட்டாங்க?"

"போறதுக்கு முன்னாடியே. மூணு வாரம் முன்னாடி. எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துட்டுத்தான் போனா."

டீச்சர் தாளைத் திருப்பி, இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார். "முதுகுல முத்திரை இருக்கு. பத்திரத் தாள் விக்கறவர் குத்தினது. தேதி படிங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். மறுபடி படித்தார். "நேத்து" என்றார்.

நேற்று வாங்கிய தாளில் மூன்று வாரம் முன்னால் போன கை. அக்கா புருஷன் ஃபைலைப் புரட்டினான். "அவ... தபால்ல அனுப்பினா. மறந்துட்டேன்" என்றான்.

"முப்பது வினாடி சத்தமில்லாம இருந்தாப் போதும் இன்ஸ்பெக்டர். சுவரைத் தொட மாட்டேன்" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "ஒட்டடை, அந்த ரம்பம்."

போய் நிறுத்துங்க ஐயா என்று கெஞ்சினால் யார் நிறுத்துவார்கள்? காரணம் கேட்பார்கள், முதலாளியைக் கூப்பிடுவார்கள். என் உயரத்துக்கு மதிலுக்கு மேலே தலையை நீட்டுவது ஒரு வேலையே இல்லை. நீட்டி, உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

"ஆணி! கட்டையில ஆணி!"

மர மில்லில் வேறு எதைச் சொன்னாலும் திரும்ப மாட்டார்கள். ஓடுகிற ரம்பத்தில் ஒரு ஆணி மாட்டினால் அலகு சிதறி ஆளைச் சாய்த்துவிடும். நான்கு பேர் ஒரே நேரத்தில் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார்கள்.

ரம்பம் ஓலம் குறைந்து, முனகி, நின்றது.

அந்த அமைதி சந்துக்குள் இறங்கியதும் எல்லோருக்கும் காது அடைத்த மாதிரி இருந்தது. அக்கா புருஷன்தான் முதலில் பேசினான். இரைச்சலுக்குப் பழகிய தொண்டை, அவனே எதிர்பாராத அளவு உரக்க. "என்ன சார் இதெல்லாம்! நான் வக்கீலைப் பாக்கப் போகணும், நேரமாச்சு, இவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு நீங்களும்..."

"வாயை மூடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேட்டோம். ஒன்றுமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தங்கை சுவரோடு கன்னத்தை வைத்திருந்தாள். பத்து எண்ணினேன். பதினைந்து. தாமதமாக வந்துவிட்டோமோ? இருபது.

சுர்ர்ரக்.

ரொம்ப லேசாக. தகரத்தில் நகம் படுகிற மாதிரி.

சுர்ர்ரக். சுர்ர்ரக்.

ஆறாவது ஓட்டையின் ஈரப் பூச்சில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. நடுவில் கொஞ்சம் புடைத்தது. ஒரு துண்டு பெயர்ந்து மண்ணில் விழுந்தது. அதன் பின்னால் நனைந்த பேப்பர் பந்து ஒன்று மெல்ல, மெல்ல வெளியே வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு தேக்கரண்டியின் காம்பு.

அக்கா புருஷன் ஓடவில்லை. ஃபைல் மட்டும் அவன் கையிலிருந்து நழுவியது. இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தபோது, பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி தளர்ந்து நின்றான். "அறைக்கு வழி எங்கேடா?" என்று அவர் உலுக்கியதும், "பீரோவுக்கு அடியில" என்றான். இன்ஸ்பெக்டர் அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

ரசமட்டம் மண்டியிட்டு, உளியைத் தொடாமல், வெறும் விரல்களாலேயே மிச்சப் பூச்சைப் பிய்த்து எடுத்தார். வாழ்நாள் முழுவதும் "தொடாதீங்க, ஈரம்" என்று சொன்ன மனிதர். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. கரை ஏறினவர்கள் வாங்குகிற மூச்சு.

"அக்கா" என்றாள் தங்கை, ஓட்டையில் வாயை வைத்து. "அக்கா, நான்தான்."

சத்தம் நின்றது. பிறகு தேக்கரண்டியை விட்டுவிட்டு நான்கு விரல்கள் ஓட்டைக்குள் வெளிச்சம் பட நீண்டன. நகங்கள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தன. தங்கை கையை உள்ளே விட்டு அவற்றைப் பற்றிக்கொண்டாள்.

டீச்சர் எதிர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேனுக்கு ஓடிக் குடத்தைத் தூக்கி வந்தேன். சுவருக்கு விடுகிற தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஜோக்குகூட எனக்குத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. உலர்ந்துபோய், உடைந்துபோய், ஆனால் அவசரமாக. தான் எங்கே இருக்கிறோம், வெளியே யார் யார், புருஷன் என்ன ஆனான், எதையும் கேட்கவில்லை.

"பூத்துச்சாடி?"

"பூத்துச்சுக்கா" என்றாள் தங்கை. "பூத்துச்சு."